தோண்டுதலைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லுக்குள் படகு எப்படி வந்தது?

மணற்கேணி எழுதியது:

அவையோர்க்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் இரண்டு வசனங்களில் தடுக்கி நின்றேன். லூக்கா 13:8இல், காய்க்காத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொல்லும் உடைமையாளனிடம் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு தவணை கேட்டு, "நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்கிறான். மத்தேயு 25:18இல், ஒரே ஒரு தாலந்து பெற்ற வேலைக்காரன் "நிலத்தைத் தோண்டி" எஜமானின் பணத்தைப் புதைத்து வைக்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒன்று கொத்துதல், மற்றொன்று தோண்டுதல். மூலத்திலும் வினைகள் இரண்டாகவே இருக்கின்றன. முன்னது ஸ்கப்தோ, பின்னது ஒருஸ்ஸோ.

என் ஐயங்கள் இவை. இவ்விரு வினைகளுக்கும் கிரேக்கர் உண்மையிலேயே பொருள் வேறுபாடு வைத்திருந்தனரா, அல்லது தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்து நானே கற்பித்துக்கொள்கிறேனா? அடுத்து, அகராதியில் ஸ்கப்தோவுக்கு இரண்டு விரல் தள்ளி ஸ்கஃபே, ஸ்கஃபொஸ் என்னும் பெயர்ச்சொற்கள் நிற்கின்றன. தொட்டி, மாவு பிசையும் மரத்தட்டு, சிறுபடகு, கப்பலின் உடல் என்றெல்லாம் அவற்றுக்குப் பொருள் தரப்பட்டிருக்கிறது. மண்ணைக் கொத்துகிற சொல்லுக்கும் நீரில் மிதக்கிற சொல்லுக்கும் என்ன உறவு?

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு. கிரேக்கத்தில் குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் தனித்தனி எழுத்துகள். இந்த வேறுபாட்டைக் காட்டுவதில் நம் எழுத்து ஆங்கில எழுத்தைவிட வசதியானது. சொல்லிடையில் வரும் ப, த, க ஆகியவற்றை வல்லொலியாகவே படிக்க வேண்டுகிறேன். ஃப என்று நான் எழுதுவது, பழங்காலத்தில் மூச்சொலி கலந்த பகரமாக ஒலித்த எழுத்தை.

நெடுங்கணக்கு எழுதியது:

வேறுபாடு உண்டு, ஐயா, நீங்கள் கற்பித்துக்கொண்டதன்று. அகராதிப் பொருளைவிட அந்தந்த வினை ஏற்கும் செயப்படுபொருளைப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும்.

ஸ்கப்தோவின் செயப்படுபொருளாகப் பெரும்பாலும் செடி, கொடி, தோட்டம், வயல் ஆகியவை வரும். ஹெர்மெஸ் கடவுளைப் பாடும் ஹோமர் மரபுத் துதிப்பாடலில், அப்பொல்லோவின் மாடுகளைத் திருடி ஓட்டிச் செல்லும் குழந்தைக் கடவுள், ஒன்கெஸ்தொஸ் என்னுமிடத்தில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் கிழவரைப் பார்த்து, "தோள் வளைந்து செடிகளைக் கொத்தும் கிழவரே" என்று விளிக்கிறான். செடிகளைக் கொத்துதல் என்றால் செடிகளைத் தோண்டி எடுத்தல் என்று பொருளாகாது. அவற்றைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறிவிடுவதே அங்கு நடக்கிற வேலை. வேலை முடிந்த பிறகும் செடி அங்கேயே நிற்கும், மண்ணும் அங்கேயே கிடக்கும், அது இளகியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் அத்திமரத்துக்கு நடப்பதும் இதுவே.

ஒருஸ்ஸோவின் செயப்படுபொருள் பெரும்பாலும் அந்த வேலையால் புதிதாக உண்டாகும் குழி, அகழி, கால்வாய் ஆகியவை. ஒடிசி 11ஆம் பாடலில் ஒடிசியூஸ், இறந்தோரின் ஆவிகளை அழைப்பதற்காக வாளை உருவி, முழ அளவில் நீள அகலமுள்ள குழி ஒன்றைத் தோண்டுகிறான். அங்கு வரும் வினை ஒருஸ்ஸோ. இலியட் 7ஆம் பாடலில் கிரேக்கர் தம் கப்பல்களைக் காக்க அகழி தோண்டுவதும் இதே வினையால்தான். சில இடங்களில் வெளியே எடுக்கப்படும் பொருளும் செயப்படுபொருளாகும். சூனியக்காரி கிர்க்கேயின் மாயத்தை முறிக்க ஹெர்மெஸ் பறித்துத் தரும் மோலி என்னும் மூலிகையைத் தோண்டியெடுப்பது மானிடருக்கு அரிது என்று ஒடிசி 10ஆம் பாடல் சொல்கிறது. அங்கும் இதே வினையே.

இலியட், ஒடிசி இரண்டிலும் ஸ்கப்தோ வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடிசியின் இறுதிப் பாடலில், வயது முதிர்ந்த லாயெர்தேஸ் தன் தோட்டத்தில் தனியாகச் செடியைக் கொத்திக்கொண்டிருக்கும்போது மகன் ஒடிசியூஸ் வந்து காண்கிறான். பிற்கால எழுத்தாளர் எவராயினும் ஸ்கப்தோ என்று எழுதியிருக்கக்கூடிய அந்த இடத்தில் லிஸ்த்ரொன் என்னும் கருவிப்பெயரிலிருந்து வந்த வினை ஒன்றும், லகய்னோ என்னும் அரிய வினை ஒன்றும் பயன்படுகின்றன. இந்த லகய்னோவோடு இணைத்துத்தான் காய்கீரையைக் குறிக்கும் லகனொன் என்னும் சொல்லை விளக்குவார்கள்: கொத்திய நிலத்தில் விளைவது. இன்றைய கிரேக்கத்தில் அது முட்டைக்கோசு என்று சுருங்கிவிட்டது.

வெட்டாறு எழுதியது:

நான் பொதுப்பணித் துறையில் பாசனக் கால்வாய்களோடு வாழ்நாளைக் கழித்தவன். மொழியியல் பயிற்சி இல்லை. ஆயினும் ஹெரொடோட்டஸின் வரலாற்றை மொழிபெயர்ப்பிலும், தேவைப்பட்டால் மூலத்தின் சில வரிகளிலும் படித்திருப்பதால், நெடுங்கணக்கு ஐயா சொன்ன செயப்படுபொருள் விளக்கத்துக்கு என் துறையிலிருந்து இரண்டு சான்றுகள் தருகிறேன்.

முதலாவது சாமோஸ் தீவுச் சுரங்கக் கால்வாய். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாராவைச் சேர்ந்த யூபலினோஸ் என்னும் பொறியாளர், நகருக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மலையை இரு பக்கங்களிலிருந்தும் ஒரே சமயத்தில் குடைந்து நடுவில் சந்திக்கச் செய்தார். ஹெரொடோட்டஸ் மூன்றாம் நூலில் இதை "இருவாய் கொண்ட ஒருக்ம" என்று குறிப்பிடுகிறார். ஒருக்ம என்பது ஒருஸ்ஸோவிலிருந்து வந்த தொழிற்பெயர், அதாவது தோண்டப்பட்டது. உயரமும் அகலமும் எட்டெட்டு அடி, நீளம் ஏழு ஸ்தாதியொன் (ஒன்று ஏறத்தாழ 180 மீட்டர்) என்று அவர் கணக்குத் தருகிறார். இன்றைய அளவீட்டில் நீளம் 1,036 மீட்டர் என்பதால், அவர் சொன்ன நீளம் சற்றுக் கூடுதல். திசைகாட்டி இல்லாத காலத்தில், மலைக்குள் இரு குழுக்களும் ஒன்றையொன்று தவறவிடாமல் சந்தித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

இரண்டாவது அத்தோஸ் கால்வாய். கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்சஸ், அத்தோஸ் முனையைக் கப்பல்கள் சுற்றிவர வேண்டாம் என்பதற்காக நிலஇடுக்கை வெட்டச் செய்தார். ஏழாம் நூலில் ஹெரொடோட்டஸ் சொல்லும் செய்தி, எங்கள் துறையில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது. மற்ற இனத்தார் மேலும் கீழும் ஒரே அகலத்தில் செங்குத்தாகத் தோண்டியதால் கரை சரிந்து விழுந்து வேலை இரட்டிப்பாயிற்று. ஃபினீசியர் மட்டும் மேலே இரு மடங்கு அகலத்தில் தொடங்கி, ஆழம் போகப்போகக் குறுக்கிக்கொண்டே வந்து, அடியில் சரியான அகலத்துக்குக் கொண்டுவந்தனர். கரைச்சரிவு என்னும் கருத்து முழுவதும் அந்த ஒரு பத்தியில் அடங்கியிருக்கிறது. அங்கும் வினை ஒருஸ்ஸோ. கால்வாய்க்கு அவர் வழங்கும் சொல்லான தியோருக்ஸ், "ஊடாகத் தோண்டியது" என்னும் பொருளில் அதே வேரிலிருந்து வந்தது. யாத்திராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எகிப்தின் நீர்க்கால்களுக்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது.

அரும்பதவுரை எழுதியது:

இதுவரை சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆயினும் மணற்கேணி ஐயா தம் ஐயத்தை எந்த இடத்திலிருந்து தொடங்கினாரோ அந்த இடமே வழுக்கும் இடம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் ஸ்கப்தோ மூன்றே இடங்களில் வருகிறது: லூக்கா 6:48, 13:8, 16:3. மூன்றும் லூக்கா. முன்னொட்டு இல்லாத ஒருஸ்ஸோவும் மூன்றே இடங்களில் வருகிறது: மத்தேயு 21:33, 25:18, மாற்கு 12:1. ஒன்றுகூட லூக்கா இல்லை. ஆகவே நீங்கள் எடுத்துக்கொண்ட இரு வசனங்களில் வினை வேறுபடுவதற்குப் பொருள் காரணமா, எழுதியவரின் சொற்பழக்கம் காரணமா என்பதை அவ்விரு வசனங்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. லூக்கா 6:48இல் வீடு கட்டுகிறவன் பாறை தட்டுப்படும் வரை ஆழப்படுத்தி அடித்தளம் இடுகிறான். நெடுங்கணக்கு ஐயாவின் விளக்கப்படி அங்கு ஒருஸ்ஸோ அல்லவா வந்திருக்க வேண்டும்? லூக்காவோ ஸ்கப்தோ என்றே எழுதி, ஆழப்படுத்தினான் என்று இன்னொரு வினையைப் பக்கத்தில் வைக்கிறார். நம் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் "ஆழமாய்த் தோண்டி" என்கிறது. அதாவது, மொழிபெயர்த்தவர்கள் கிரேக்கச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று எண்ணி ஒட்டவில்லை. அத்திமரம் என்றால் கொத்துவார்கள், அடித்தளம் என்றால் தோண்டுவார்கள் என்று வேலையைப் பார்த்து எழுதினார்கள். அதுவே நல்ல மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து. ஆனால் அதைச் சான்றாகக் கொண்டு கிரேக்கச் சொல்லின் பொருளை நிறுவ முடியாது.

லூக்கா 16:3 தனியாகப் பேசத்தக்கது. வேலையிழக்கப்போகும் கணக்குப்பிள்ளை, கொத்தி வேலை செய்ய வலுவில்லை, பிச்சை கேட்க வெட்கமாக இருக்கிறது என்று தனக்குள் புலம்புகிறான். கி.மு. 414இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் பறவைகள் நாடகத்தில், பொய்வழக்குப் போட்டுப் பிழைக்கும் ஒருவனை, நேர்மையாக உழைத்து வாழக் கூடாதா என்று கேட்கும்போது, "நான் என்ன செய்வது? எனக்குக் கொத்தத் தெரியாதே" என்கிறான். அதே ஸ்கப்தோ. நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் இரு நூல்களும் ஒரே தொனியில் பேசுவதைப் பார்த்தால், எந்தத் தொழிலும் கைவராதவனுக்குக் கடைசியாக மிஞ்சும் கூலிவேலை என்னும் சாயல் இவ்வினையில் படிந்திருந்தது தெரிகிறது. ஒருஸ்ஸோவுக்கு இந்தச் சாயல் கிடையாது.

ஒருஸ்ஸோவின் சாயல் வேறு. அது கொஞ்சம் இருட்டானது. ஏதென்ஸில் குற்றவாளிகளைத் தள்ளும் பள்ளத்துக்கு ஒருக்ம என்றே பெயர் இருந்தது. கொலைத்தண்டனையை நிறைவேற்றுபவரை "பள்ளத்தின் பொறுப்பாளர்" என்றார்கள். கல்லறைத் திருடனுக்குத் தும்போருகொஸ், அதாவது கல்லறை தோண்டி. வீட்டில் புகுந்து திருடுபவனுக்குத் தொய்கோருகொஸ், அதாவது சுவர் தோண்டி. பச்சைச் செங்கல் சுவரில் திருடனுக்குக் கதவைவிடச் சுவரே எளிய வழி. மத்தேயு 6:19இல் திருடர்கள் செய்வதாகச் சொல்லப்படும் வினையும் "ஊடாகத் தோண்டுதல்" என்னும் தியொருஸ்ஸோதான். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது உடைத்துப் புகுதல் என்றாகித் தோண்டலை இழந்துவிட்டது. தமிழிலோ "திருடரும் கன்னமிட்டுத் திருடுவார்கள்" என்று வருகிறது. மண்சுவரும் கன்னக்கோலும் இருந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

நெடுங்கணக்கு எழுதியது:

லூக்கா பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். "பெரும்பாலும்" என்று நான் சொன்னதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்கப்தோவின் எல்லை காலப்போக்கில் விரிந்துகொண்டே போயிற்று என்பதற்கு லூக்கா 6:48 நல்ல சான்று. இன்றைய கிரேக்கத்தில் பேச்சுவழக்கில் தோண்டுதலுக்கான பொது வினை ஸ்கவோ, அதாவது பழைய ஸ்கப்தோவின் பேரன். தொல்லியல் அகழாய்வுக்கும் அந்த வேரிலிருந்து வந்த அனஸ்கஃபீ என்னும் சொல்லே வழங்குகிறது. ஒருஸ்ஸோ சுரங்கம், கனிமம் போன்ற எழுத்துவழக்குச் சொற்களுக்குள் ஒதுங்கிவிட்டது. அந்த ஒதுங்கல் அரிஸ்டாட்டிலிடமே தொடங்குகிறது எனலாம். வானிலையியல் நூலின் மூன்றாம் பகுதி முடிவில், நிலத்துக்குள் கிடைப்பவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். உருக்க முடியாத கற்கள், காவி, கந்தகம் ஆகியவை தோண்டப்படுபவை, அதாவது ஒருக்த. இரும்பு, செம்பு, பொன் ஆகியவை சுரங்கத்துக்கு உரியவை, அதாவது மெதல்லெவ்த. முன்னவை உலர்ந்த ஆவியாலும் பின்னவை ஈர ஆவியாலும் உருவானவை என்பது அவர் கொள்கை.

இனி வேர் பற்றி. இங்குதான் மணற்கேணி ஐயாவின் படகு வருகிறது.

ஸ்கப்தோ என்னும் நிகழ்கால வடிவம் தன் வேரை மறைத்துக்கொள்ளும் வடிவம். பழங்கிரேக்கத்தில் இதழொலியில் முடியும் வேரோடு யகர விகுதி சேர்ந்தால், அந்த இதழொலி ப் ஆனாலும் ப்ஹ் ஆனாலும் விளைவு ஒன்றே, "ப்த". ஆகவே வேர் ஸ்கப் என்பதா, ஸ்கப்ஹ் என்பதா என்று நிகழ்காலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற வடிவங்களைப் பார்த்தாலோ இரண்டும் கிடைக்கின்றன. கொத்தப்பட்டது என்னும் இறந்தகால வடிவத்திலும், ஸ்கஃபே, ஸ்கஃபொஸ் ஆகியவற்றிலும் மூச்சொலி இருக்கிறது. மண்வெட்டியைக் குறிக்கும் ஸ்கபனே என்னும் சொல்லில் மூச்சொலி இல்லை. இலியட்டின் கடைசிப் பாடலில் ஹெக்டரின் எலும்புகள் வைக்கப்படும் குழிக்குப் பெயர் கபெதொஸ். அதில் மூச்சொலியும் இல்லை, சொல்முதல் சகரமும் இல்லை.

மூச்சொலி உள்ள வடிவத்துக்கு உறவு தேடினால், இலத்தீனில் சொறிதலைக் குறிக்கும் ஸ்கபோ கிடைக்கிறது. சொல்லிடையில் கிரேக்கத்தின் ப்ஹ் ஒலிக்கு இலத்தீனில் ப ஒலி மெலிந்து நிற்பது ஒழுங்கான இணைவு. தோல்நோயான ஸ்கேபீஸ் இந்த இலத்தீன் வினையின் பிள்ளை. கோத்திய மொழியில் மழித்தலுக்கும், லித்துவேனிய மொழியில் மரத்தைக் குடைதலுக்கும் இவ்வேரைச் சேர்ந்த சொற்கள் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அடிப்படைப் பொருள் மண்ணைச் சார்ந்ததாகத் தெரியவில்லை. கூரிய ஒன்றால் ஒரு பரப்பைச் சுரண்டி எடுத்தல் என்பதே பொதுவாக நிற்கிறது. மூச்சொலி இல்லாத வடிவத்துக்குப் பழைய சிலாவிய மொழியில் தோண்டுதலைக் குறிக்கும் கொபதி என்பதும், லித்துவேனியத்தில் வெட்டுதல், நறுக்குதலைக் குறிக்கும் சொல்லும் உறவாகக் காட்டப்படுகின்றன. இங்கே பொருள் வெட்டுதல் பக்கம் சாய்கிறது.

எனவே, சுரண்டும் வேர் ஒன்றும் வெட்டும் வேர் ஒன்றும் ஆக இரண்டு இருந்து, நிகழ்காலத்தில் ஒரே உருவம் பெற்றுவிட்டதால் கிரேக்கரின் காதில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது ஒரு விளக்கம். நெதர்லாந்து அறிஞர் ராபர்ட் பேக்கஸ் 2010இல் வெளியான தம் சொற்பிறப்பியல் அகராதியில் இப்படிப்பட்ட ப, ப்ஹ் ஊசலாட்டங்களைப் பொதுவாகவே கிரேக்கருக்கு முன் அந்நிலத்தில் வழங்கிய மொழியின் எச்சங்களாகக் கருதினார். எனக்கு முதல் விளக்கமே ஏற்புடையது. ஊசலாட்டம் உள்ள இடமெல்லாம் முன்மொழி என்று சொல்லத் தொடங்கினால், விளக்க முடியாததையெல்லாம் போட்டுவைக்கும் பரண் ஆகிவிடும் அந்த முன்மொழி.

ஒருஸ்ஸோவின் வேர் ஒருக்ஹ் என மூச்சொலி கலந்த ககரத்தில் முடிவது. களையெடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் ருங்கோவும், பிடுங்குதலைக் குறிக்கும் வடமொழி லுஞ்சதியும் இதற்கு உறவாகக் காட்டப்படும். சமணத் துறவியர் தலைமயிரைக் கையால் பறித்தெடுக்கும் நோன்பின் பெயரில் உள்ள லுஞ்சனம் இதுவே. மோலி மூலிகையைப் பறிப்பதற்கு இப்பொருள் அழகாகப் பொருந்துகிறது. கலாத்தியர் 4:15இல் கண்களைத் தோண்டி எடுப்பதற்கு வரும் எக்ஸொருஸ்ஸோவைத் தமிழ் "பிடுங்கி" என்று பெயர்த்திருப்பதும் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இலத்தீன் சொல் மூச்சொலி இல்லாத ககரத்தைக் கேட்கிறது, கிரேக்கச் சொல் மூச்சொலி உள்ளதைக் காட்டுகிறது. இந்த இடைவெளியை யாரும் ஒழுங்காக அடைக்கவில்லை. எனவே பொருளால் கவர்ச்சியான இந்த உறவை நான் பென்சிலால் மட்டுமே குறித்து வைத்திருக்கிறேன்.

கலங்கரை எழுதியது:

படகைப் பற்றிக் கேட்டதால் நான் பேசலாம் என்று நினைக்கிறேன். பலகைகளை இணைத்துக் கட்டும் படகைப் பார்த்துப் பழகிய நமக்குத்தான் தோண்டலும் படகும் தொலைவாகத் தெரிகின்றன. ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்யும் வள்ளத்தை உருவாக்குபவரைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. வெளிப்பக்கத்தைச் செதுக்குவது சில நாள் வேலை. உள்ளே வாய்ச்சியால் கொத்திக் கொத்திச் சுரண்டி எடுப்பதே வேலையின் பெரும்பகுதி. அதே கையும் அதே கருவியும் சிறிய மரத்துண்டில் வேலை செய்தால் தொட்டி, பெரிய மரத்தில் வேலை செய்தால் படகு. ஸ்கஃபே இரண்டையும் குறிப்பது இதனால்தான் என்று கருதுகிறேன்.

வடமொழியிலும் த்ரோணி என்பது மரத்தொட்டியையும் படகு வடிவக் கலத்தையும் குறிக்கிறது. நம் தோணியும் தோண்டுதலிலிருந்து வந்திருக்கக் கூடாதா?

நெடுங்கணக்கு எழுதியது:

கேட்கத் தித்திப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் த்ரோணியை மரத்தைக் குறிக்கும் த்ரு என்னும் சொல்லோடு இணைப்பார்கள். அங்கே தோண்டல் இல்லை, மரமே இருக்கிறது. தோணிக்கும் த்ரோணிக்கும் இடையே கடன் எந்தத் திசையில் நடந்தது என்பதைத் தீர்க்காமல் தோண்டு என்னும் வினையை ஒலி ஒற்றுமைக்காக மட்டும் இழுத்துவரக் கூடாது. நீங்கள் காட்டிய பொருள் ஒற்றுமை, அதாவது தொட்டியும் படகும் ஒரே சொல்லில் தங்குவது, அதற்கு வெளியேயும் செல்லுபடியாகும். அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். வேரின் பழைய பொருள் மண்ணுக்கு முந்தியது, சுரண்டிக் குழிவாக்குதலே என்று நான் சொன்னதற்கு உங்கள் வாய்ச்சி என்னைவிட நல்ல சான்று தருகிறது.

உரைகல் எழுதியது:

இந்த இழையில் ஸ்கஃபே என்னும் சொல்லைக் கண்டதும், அது ஐரோப்பாவில் ஏற்படுத்திய ஒரு தவறு நினைவுக்கு வந்தது. தோண்டும் கருவியும் தொட்டியும் ஒரே வேரில் நிற்பதன் நேரடி விளைவு அது என்பதால் இங்கே பொருந்தும்.

மாசிடோனிய மன்னர் பிலிப்பைப் பற்றிப் புளூட்டார்க் தரும் செய்தி ஒன்று உண்டு. ஒலிந்தொஸ் நகரைக் காட்டிக்கொடுத்த லஸ்தெனேஸின் கூட்டத்தார், உம்முடைய ஆட்கள் எங்களைத் துரோகிகள் என்கிறார்கள் என்று மன்னரிடம் முறையிட்டனர். மாசிடோனியர் இயல்பிலேயே பட்டிக்காட்டு முரடர், தொட்டியைத் தொட்டி என்றே சொல்வார்கள் என்று பிலிப் பதில் சொன்னாராம். லூசியனும் வரலாறு எழுதுவது எப்படி என்னும் நூலில், அத்திப்பழத்தை அத்திப்பழம் என்றும் தொட்டியைத் தொட்டி என்றும் சொல்பவனாக வரலாற்றாசிரியன் இருக்க வேண்டும் என்கிறார். அதை ஒரு நகைச்சுவைக் கவிஞரின் கூற்றாகவே அவர் எடுத்தாள்கிறார்.

16ஆம் நூற்றாண்டில் இதை இலத்தீனாக்கிய எராஸ்மஸ், தொட்டியைக் குறிக்கும் ஸ்கஃபேயை மண்வெட்டியைக் குறிக்கும் லிகோ என்னும் சொல்லால் பெயர்த்துவிட்டார். ஸ்கஃபெயொன் என்றால் உண்மையிலேயே தோண்டும் கருவி, அதோடு குழம்பியிருக்கக்கூடும். நிக்கொலாஸ் யூடால் 1542இல் எராஸ்மஸை ஆங்கிலமாக்கியபோது மண்வெட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்று ஆங்கிலத்தில், ஒளிவுமறைவின்றிப் பேசுவதை "மண்வெட்டியை மண்வெட்டி என்று சொல்லுதல்" என்கிறார்கள். கிரேக்கர் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அரும்பதவுரை எழுதியது:

எராஸ்மஸ் அளவுக்குக் கிரேக்கம் அறிந்தவர் இதைக் குழப்பிக்கொண்டார் என்று நம்பத் தயக்கமாக இருக்கிறது. அத்திப்பழத்துக்குப் பக்கத்தில் தோட்டக் கருவி பொருந்தும் என்று தெரிந்தே மாற்றியிருக்கலாம் அல்லவா?

உரைகல் எழுதியது:

மாற்றியிருக்கலாம். மனத்துக்குள் நுழைந்து பார்க்க வழியில்லை. ஆனால் தெரிந்து மாற்றினாலும் தெரியாமல் மாற்றினாலும், அவருடைய கை நீண்டது ஸ்கப்தோவின் குடும்பத்துக்குள் இருந்த இன்னொரு பொருளை நோக்கியே.

வெட்டாறு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. விளையாட்டுத் திடலோடு இந்த வினைக்குத் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்த நினைவு. சரிதானா?

நெடுங்கணக்கு எழுதியது:

சரியே. கொத்தி இளக்கிய மண்பரப்புக்கு ஸ்கம்ம என்று பெயர். மற்போரும் நீளத் தாண்டுதலும் அங்கே நடந்தன. வீரர்கள் தாமே மண்வெட்டி பிடித்து மண்ணை இளக்குவது பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. தியோக்ரிதொஸின் நான்காம் முல்லைப்பாட்டில் ஒலிம்பியாவுக்குப் புறப்படும் குத்துச்சண்டைக்காரன் ஸ்கபனே ஒன்றையும் இருபது ஆடுகளையும் கொண்டு போகிறான். ஆடு எதற்கு என்பது அவன் வயிற்றுக்குத் தெரியும்.

இதிலிருந்து ஒரு மரபுத்தொடரும் பிறந்தது. கொத்திய பரப்பையும் தாண்டி அப்பால் போய் விழுபவன் அளவை மீறினவன். பிளேட்டோவின் கிராதிலொஸ் உரையாடலில், நீதி என்னும் சொல்லின் மூலத்தை விடாமல் கேட்டுக்கொண்டே போகும் சாக்ரடீஸ், நான் கேட்க வேண்டியதற்கு மேல் கேட்டு, கொத்திய பரப்பைத் தாண்டிக் குதிப்பதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்று சொல்கிறார். அந்த உரையாடல் முழுவதும் சொற்பிறப்பைப் பற்றியது. நானும் முன்மொழிப் பரண் பற்றிப் பேசியபோது சற்று அப்பால் போய் விழுந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பேக்கஸ் தம் முடிவுக்குக் காட்டிய காரணங்களில் முதன்மையானது, இவ்வேரின் அகரம். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் அகரம் அடிப்படை உயிராக வருவது அரிது. அதை நான் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். கலவை விளக்கத்தை நான் விட்டுவிடவில்லை; ஆனால் இந்த அகரத்துக்கு அதனிடம் விடையில்லை.

மணற்கேணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள்களாக இவ்விழையைத் திரும்பத் திரும்பப் படித்து, என் குறிப்பேட்டில் "தமிழ் மொழிபெயர்ப்பு கிரேக்க வேறுபாட்டைக் காட்டுகிறது" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அரும்பதவுரை அவர்கள் தந்த ஆறு வசன எண்களை எழுதிக்கொண்டேன்.

இந்த ஐயம் எனக்கு முதலில் எழுந்த இடத்தை வெட்கத்தால் மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். ஹெசியடின் உழவுப் பாடலில், வீட்டைச் சுமப்பவன் என்று அவர் அழைக்கும் நத்தை, கார்த்திகை மீன்கூட்டத்துக்கு அஞ்சித் தரையிலிருந்து செடிமேல் ஏறும்போது, "இனித் திராட்சைத் தோட்டத்துக்கு ஸ்கஃபொஸ் இல்லை" என்று ஒரு வரி வருகிறது. நான் அறிந்திருந்த ஒரே ஸ்கஃபொஸ் கப்பல் உடல் என்பதால், திராட்சை ஏற்றும் கப்பல்கள் அந்தப் பருவத்தில் நின்றுவிடும் போலும் என்று எழுதி, பக்கவாட்டில் கடற்காற்றைப் பற்றி நான்கு வரி விளக்கமும் சேர்த்து வைத்திருந்தேன். அடுத்த வரியிலேயே அரிவாளைத் தீட்டச் சொல்கிறார் புலவர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அங்கே ஸ்கஃபொஸ் என்பது கொத்தும் வேலை: வெயில் ஏறிவிட்டது, கொடிகளுக்குக் கொத்திவிடும் காலம் முடிந்தது, அறுவடைக்குப் போ என்கிறார்.

கலங்கரை அவர்களே, அந்த நான்கு வரிக் கடற்காற்றை உங்களுக்கு அனுப்பிவைக்கட்டுமா?